வரும் பாக்கெட்டுகளுக்குத் தனி வரிசை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் வலைச் சர்வரில் எட்டு பிராசசர் கோர்களும் 10 கிகாபிட் இன்டெல் நெட்வொர்க் கார்டும் உள்ளன. வரும் பாக்கெட்டுகளை, அதாவது நெட்வொர்க்கில் வரும் தரவுத் துண்டுகளை, நாம் விரும்பும் வரிசைக்குத் திருப்பிவிட வடிகட்டி விதிகள் எழுதலாம் என்று படித்தேன். பாதுகாப்பான வலை இணைப்புகளுக்கான 443ஆம் போர்ட்டுக்கு வருபவை எல்லாம் 2ஆம் வரிசைக்குச் செல்லுமாறு ஒரு விதி எழுதினேன். விதி வேலை செய்கிறது. ஆனால் தளம் முன்பைவிட மெதுவாகிவிட்டது. ஒரு கோர் மட்டும் முழு மூச்சில் ஓட, மற்றவை சும்மா இருக்கின்றன. எங்கே தவறினேன்?
— வாசகர், கோவை

பதில்: விதியை நீங்கள் பிழையில்லாமல் எழுதியிருக்கிறீர்கள். அது செய்யக்கூடாத வேலையை அதனிடம் கொடுத்துவிட்டீர்கள். இத்துறைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

10 கிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய 64 பைட் பாக்கெட்டுகள் இடைவெளியின்றி வந்தால், ஒரு நொடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 48 லட்சம் பாக்கெட்டுகள் வந்து சேரும். அதாவது ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கும் நேரம் 67 நானோ நொடி. ஒரே கோர், வழக்கமான கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வழியில், இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. அதனால்தான் இன்றைய கார்டுகள் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளோடு வருகின்றன. ஒவ்வொரு வரிசைக்கும் தனி இன்டரப்ட், அதாவது பாக்கெட் வந்ததைப் பிராசசருக்குச் சொல்லும் அழைப்பு, உண்டு; ஒவ்வோர் இன்டரப்டையும் ஒரு கோர் ஏற்றுக்கொள்கிறது. எந்தப் பாக்கெட் எந்த வரிசைக்குப் போக வேண்டும் என்பதை, நீங்கள் எதுவும் சொல்லாதபோது, கார்டே ஆர்எஸ்எஸ் என்னும் முறையில் முடிவு செய்கிறது. அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, இரண்டு போர்ட் எண்கள் ஆகிய 12 பைட்டுகளை டோப்ளிட்ஸ் என்னும் ஹேஷ் கணக்கில் (ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே எண்ணைத் தரும் கணக்கு) போட்டு ஓர் எண்ணைப் பெறுகிறது; அந்த எண்ணின் கடைசிச் சில பிட்டுகளைக் கொண்டு ஓர் அட்டவணையைப் பார்க்கிறது. உங்களுடையது 82599 வகைக் கார்டாக இருந்தால் அந்த அட்டவணையில் 128 இடங்கள் இருக்கும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு வரிசை எண் எழுதப்பட்டிருக்கும். ஒரே இணைப்பைச் சேர்ந்த பாக்கெட்டுகள் எப்போதும் ஒரே வரிசையில் விழும். வெவ்வேறு இணைப்புகள் பரவி விழும். ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் வந்து போகும் ஒரு வலைச் சர்வருக்கு இதைவிட நல்ல பங்கீடு கைமுறையாகக் கிடைக்காது.

நீங்கள் எழுதிய விதி இந்தப் பங்கீட்டை மீறுகிறது. உங்கள் கார்டில் வடிகட்டியில் பொருந்திய பாக்கெட், ஹேஷ் என்ன சொன்னாலும், விதி காட்டும் ஒரே வரிசைக்குத்தான் போகும். கோயிலில் முதியோருக்கும் கைக்குழந்தையோடு வருபவர்களுக்கும் தனி வரிசை விடுகிறார்கள். அவர்கள் சிலர் என்பதால்தான் அது விரைவாக நகர்கிறது. வந்திருக்கும் கூட்டம் முழுவதையும் அதற்குள் அனுப்பினால், பொது வரிசை வெறிச்சோடிக் கிடக்க, தனி வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். உங்கள் சர்வரின் போக்குவரத்தில் மிகப் பெரும் பகுதி 443ஆம் போர்ட்டுக்கு வருவதாகத்தான் இருக்கும். எட்டு கோர்கள் பகிர்ந்துகொண்டிருந்த சுமையை நீங்கள் ஒன்றின் தலையில் ஏற்றிவிட்டீர்கள்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. இன்டெலின் இந்த வகைக் கார்டுகளில், நாம் விதி எழுதாத நிலையிலும் டிரைவர் தானாகவே ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும். வெளியே போகும் பாக்கெட்டுகளில் ஏறத்தாழ 20க்கு ஒன்றைக் கவனித்து, அந்த இணைப்புக்குப் பதிலாக வரும் பாக்கெட்டுகள் அதே கோரின் வரிசைக்கு வருமாறு கார்டில் குறித்துவைக்கும். ஏடிஆர் என்று அதற்குப் பெயர். நீங்கள் கைமுறை விதிகளுக்காக என்டியூப்பிள் வசதியை இயக்கிய உடனே ஏடிஆர் நின்றுவிடும். இரண்டும் ஒரே வன்பொருள் அட்டவணையைப் பயன்படுத்துவதால் ஒருங்கே இயங்க முடியாது. ஆகவே விதியை மட்டும் நீக்கிவிட்டு என்டியூப்பிளை இயக்கத்திலேயே விட்டால், பழைய நிலை முழுமையாகத் திரும்பாது. லினக்ஸில் நெட்வொர்க் கார்டை அமைக்கும் கட்டளையான ஈத்டூலில் பெரிய எழுத்து ‘கே’ தெரிவைக் கொண்டு என்டியூப்பிளை ‘ஆஃப்’ செய்துவிடுங்கள். அந்த நொடியில் கார்டு தன்னைத் தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும், இணைப்பு சற்று நேரம் அறுபடும் என்பதால், கூட்டம் இல்லாத வேளையில் செய்யுங்கள்.

சுமையைப் பங்கிட ஹேஷ், ஒன்றை மற்றவற்றிலிருந்து பிரித்துவைக்க வடிகட்டி என்று வைத்துக்கொண்டால் இக்குழப்பம் வராது. பிரிக்க வேண்டிய தேவை உண்மையிலேயே உள்ள ஒருவர் அடுத்த கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

கேள்வி: ஓர் ஆய்வுக்கூடத்தின் அளவீட்டுக் கருவியிலிருந்து யூடிபி (வந்து சேர்ந்ததா என்று உறுதி கேட்காமல் அனுப்பும் முறை) வழியாக இடைவிடாமல் தரவு வருகிறது. அதே சர்வரில் கோப்புப் பரிமாற்றமும் பேக்கப்பும் நடக்கும்போது கருவியின் பாக்கெட்டுகள் சில தொலைந்துபோகின்றன. கருவியின் தரவுக்கு மட்டும் ஒரு கோரைத் தனியாக ஒதுக்க முடியுமா? லினக்ஸில் என்னென்ன செய்ய வேண்டும்?
— வாசகர், சென்னை

பதில்: முடியும், வடிகட்டி விதி பிறந்ததே உங்களைப் போன்றவர்களின் தேவைக்காகத்தான். எட்டு வரிசைகள் உள்ள கார்டு, அதன் பெயர் ஈத்0, கருவி 5000ஆம் போர்ட்டுக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில், ஈத்டூலின் சிறிய ‘எல்’ தெரிவால் எத்தனை வரிசைகள் உண்மையில் இயங்குகின்றன என்று பாருங்கள். பிறகு சிறிய ‘கே’ தெரிவு தரும் நீண்ட பட்டியலில் என்டியூப்பிள் ஃபில்டர்ஸ் என்ற வரியைத் தேடி, அது ‘ஆஃப்’ என்றிருந்தால் பெரிய ‘கே’ தெரிவால் ‘ஆன்’ செய்யுங்கள்.

அடுத்தது, பலரும் விட்டுவிடும் படி. கருவிக்கென்று 6ஆம் வரிசையை நீங்கள் ஒதுக்கினாலும், ஹேஷ் அட்டவணையில் 6 என்ற எண் இன்னும் இருக்கும். பேக்கப்பின் பாக்கெட்டுகளில் ஒரு பங்கு அந்த வரிசைக்கும் வந்துகொண்டேதான் இருக்கும். தனி அறை கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்துவைத்ததற்கு இது சமம். எனவே பெரிய ‘எக்ஸ்’ தெரிவில் ‘ஈக்வல் 6’ என்று கொடுங்கள். அதன்பின் பொதுப் போக்குவரத்து 0 முதல் 5 வரையிலான ஆறு வரிசைகளுக்குள் மட்டும் பரவும். 6ஆம் 7ஆம் வரிசைகள் காலியாகும். சிறிய ‘எக்ஸ்’ தெரிவால் அட்டவணையை அச்சிட்டுப் பார்த்து, அதில் 6, 7 என்ற எண்கள் இல்லை என்று கண்ணால் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இப்போது விதி. பெரிய ‘என்’ தெரிவைக் கொடுத்து, ஃப்ளோ டைப் யூடிபி4, டிஎஸ்டி போர்ட் 5000, ஆக்‌ஷன் 6 என்று எழுதினால் போதும். விதிக்கு ஓர் எண்ணைக் கார்டு தரும். அந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், நீக்க வேண்டியபோது அது தேவைப்படும். ஒரு பாக்கெட் இரண்டு விதிகளுக்குப் பொருந்தினால் சிறிய எண் கொண்ட விதியே முந்தும் என்பது பொது ஒழுங்கு.

கருவி ஒன்றல்ல, ஒரு முகவரித் தொகுதி முழுவதும் உள்ள கருவிகள் என்றால், முகவரியோடு மாஸ்க்கும், அதாவது முகவரியின் எந்தப் பிட்டுகளைப் பார்ப்பது என்று சொல்லும் எண்ணும், கொடுக்க வேண்டிவரும். இங்கே ஒரு பொறி உள்ளது. ரவுட்டிங்கில் பழகிய கை 192.168.10.0 என்ற முகவரிக்கு 255.255.255.0 என்றுதான் எழுதும். ஈத்டூலில் அது தலைகீழ். மாஸ்க்கில் 1 ஆக உள்ள பிட் ‘பார்க்காதே’ என்று பொருள்படும்; ஆகவே 0.0.0.255 என்று எழுத வேண்டும். பழக்கத்தில் நேர்மாறாக எழுதினால், முதல் மூன்று எண்களைப் புறக்கணித்துக் கடைசி எண் 0 ஆக உள்ள முகவரிகளை மட்டும் தேடும் ஒரு விதி, எந்தப் பிழைச் செய்தியும் இன்றி, கார்டில் ஏறிவிடக்கூடும். நான் முன்பு பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில் ஒரு முழு மாலைப் பொழுதை இந்த ஒரு மாஸ்க்குக்காக இழந்திருக்கிறோம். விதிகளைச் சிறிய ‘என்’ தெரிவால் பட்டியலிட்டுக் கொண்டே இருந்தோம். விதி அங்கே ஒழுங்காக வீற்றிருந்தது. 6ஆம் வரிசையின் எண்ணிக்கையோ பூச்சியத்தைவிட்டு நகரவில்லை. பட்டியலில் பெறுநர் முகவரிக்கு எதிரே, நாங்கள் கொடுக்காமலேயே, 255.255.255.255 என்ற மாஸ்க் இருந்ததைக் கவனித்த பிறகுதான் ‘எல்லாம் 1 என்றால் எதையும் பார்க்காதே’ என்பது புரிந்தது.

விதி பாக்கெட்டை வரிசை வரைக்கும்தான் கொண்டுசேர்க்கிறது என்பதையும் மனத்தில் வையுங்கள். வரிசையை எந்த கோர் கவனிக்கும் என்பது இன்டரப்டின் பொறுப்பு. ப்ராக் கோப்பகத்தில் உள்ள இன்டரப்ட்ஸ் கோப்பைத் திறந்தால், ஈத்0 என்ற பெயரும் வரிசை எண்ணும் சேர்ந்த வரிகள் தெரியும். 6ஆம் வரிசைக்கான வரியின் தொடக்கத்தில் உள்ள இன்டரப்ட் எண்ணை எடுத்துக்கொண்டு, அந்த எண்ணுக்குரிய எஸ்எம்பி அஃபினிட்டி லிஸ்ட் கோப்பில் 6 என்று எழுதினால், அந்த வரிசை 6ஆம் கோருக்குக் கட்டுப்படும். ஐஆர்க்யூபேலன்ஸ் என்ற சேவை பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால், அது சிறிது நேரத்தில் உங்கள் ஏற்பாட்டைக் கலைத்துவிடக்கூடும்; அந்தக் கோரைத் தொடாதே என்று அதன் அமைப்பில் சொல்லுங்கள், அல்லது அதை நிறுத்துங்கள். தரவை வாங்கும் நிரலை டாஸ்க்செட் கொண்டு 7ஆம் கோரில் ஓடவிடுங்கள். பாக்கெட்டை வாங்கும் வேலையையும் அதை அலசும் வேலையையும் ஒரே கோரில் வைக்கலாம் என்பாரும் உண்டு. தரவு குறைவாக இருந்தால் அது சரியே. இடைவிடாமல் வரும் ஓட்டத்துக்கு அருகருகே இரண்டு கோர்கள் கொடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். இரண்டு பிராசசர்கள் உள்ள சர்வர் என்றால், கார்டு எந்தப் பிராசசரோடு இணைந்திருக்கிறதோ அதே பக்கத்துக் கோர்களைத் தேர்ந்தெடுங்கள்; கார்டின் நூமா நோட் கோப்பு அதைச் சொல்லிவிடும்.

சோதித்துப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். ஈத்டூலின் பெரிய ‘எஸ்’ தெரிவு ஒவ்வொரு வரிசையும் வாங்கிய பாக்கெட்டுகளின் எண்ணிக்கையைக் காட்டும். கருவியின் முகவரியிலிருந்து சரியாக 1,000 பாக்கெட்டுகளை அனுப்பச் செய்து, முன்னும் பின்னும் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். 6ஆம் வரிசை 1,000 கூடியிருக்க வேண்டும். பிறகு ஒரு பெரிய கோப்பை நகலெடுத்துக்கொண்டே மறுபடி பாருங்கள். 6ஆம் வரிசை அசையக்கூடாது.

எண்ணிக்கை குறைந்தால், கருவி அனுப்பும் பாக்கெட்டின் அளவைப் பாருங்கள். 1,500 பைட்டைத் தாண்டும் யூடிபி செய்தி வழியில் துண்டாக்கப்படும்; போர்ட் எண் முதல் துண்டில் மட்டுமே இருக்கும். மற்றத் துண்டுகளில் போர்ட் இல்லாததால் விதிக்குள் அவை வரமாட்டா, பொது வரிசைகளுக்குப் போய்விடும். கருவியின் செய்தி அளவைக் குறைப்பது, அல்லது முழு வழியிலும் ஜம்போ ஃபிரேம் (1,500 பைட்டுக்கு மேற்பட்ட பெரிய பாக்கெட்) அனுமதிப்பது, இவ்விரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். போர்ட்டை விட்டு முகவரியை மட்டும் பார்க்கும் விதியும் எழுதலாம், கார்டு அதை ஏற்குமானால்.

இந்த விதிகள் எதுவும் சர்வரை அணைத்து ஏற்றினால் இருக்காது. எல்லாக் கட்டளைகளையும் வரிசை மாறாமல் ஒரு கோப்பில் எழுதி, நெட்வொர்க் எழுந்த பிறகு ஓடும் ஒரு சிஸ்டம்டி சேவையாக வையுங்கள்.

கேள்வி: போர்ட்டை மட்டும் பார்க்கும் ஒரு விதி ஏறியது. முகவரியையும் போர்ட்டையும் சேர்த்துப் பார்க்கும் இரண்டாவது விதியை எழுதியபோது கார்டு மறுத்துவிட்டது. அட்டவணையில் இடம் ஏராளமாக இருக்கிறதே, ஏன்?
— வாசகர், மதுரை

பதில்: உங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த கெர்னல் பதிவில் இன்டெலின் 10 கிகாபிட் கார்டுகளுக்கான ஐஎக்ஸ்ஜிபிஇ டிரைவரின் பெயர் இருக்கிறது. அந்த வகைக் கார்டில் கேபிள் செருகும் ஒரு போர்ட்டுக்கு (நீங்கள் விதியில் எழுதும் போர்ட் எண் அல்ல) ஒரே மாஸ்க்தான்; அதே பதிவில் டிரைவரே இதைச் சொல்லியிருக்கிறது. அதாவது எந்தெந்தப் புலங்களைப் பார்ப்பது என்பதை முதல் விதி தீர்மானித்துவிடுகிறது. பின்னால் வரும் விதிகள் எல்லாம் அதே புலங்களையே பார்க்க வேண்டும், மதிப்புகள் மட்டும் மாறலாம். முதல் விதியை நீக்கிவிட்டு, எல்லா விதிகளையும் முகவரியும் போர்ட்டும் சேர்ந்த ஒரே வடிவத்தில் எழுதுங்கள்.

கேள்வி: நாங்கள் ஒரு சிறிய இணையச் சேவை நிறுவனம். வீட்டு இணைப்புகள் பிபிபிஓஇ (ஈதர்நெட் மேல் வாடிக்கையாளரைச் சேவையோடு இணைக்கும் முறை) வழியாக எங்கள் லினக்ஸ் சர்வருக்கு வருகின்றன. கார்டில் எட்டு வரிசைகள் இருந்தும், வரும் பாக்கெட்டுகள் அனைத்தும் 0ஆம் வரிசையிலேயே விழுகின்றன. வடிகட்டி விதிகளால் இதைப் பிரிக்க முடியுமா?
— வாசகர், திருச்சி

பதில்: உங்கள் சிக்கலுக்கு மருந்து வடிகட்டியில் இல்லை. பிபிபிஓஇ பாக்கெட்டில் ஈதர்நெட் தலைப்புக்கும் ஐபி தலைப்புக்கும் நடுவே இன்னொரு தலைப்பு உட்கார்ந்திருக்கிறது. பல கார்டுகள் அதைத் தாண்டிப் பார்ப்பதில்லை. அவற்றின் கண்ணுக்கு இது ஐபி பாக்கெட்டே அல்ல. ஐபி முகவரி தெரியாதபோது ஹேஷ் போட எதுவும் இல்லை. ஆகவே எல்லாம் 0க்குப் போகின்றன. அதே காரணத்தால் முகவரியையோ போர்ட்டையோ பார்க்கும் வடிகட்டி விதியும் பொருந்தாது.

கார்டு செய்யாததைக் கெர்னலைக் கொண்டு செய்துகொள்ளலாம். ஆர்பிஎஸ் என்னும் வசதியை கூகுளின் டாம் ஹெர்பர்ட் எழுதினார். 2010இல் வெளியான லினக்ஸ் 2.6.35 கெர்னலிலிருந்து அது இருக்கிறது. 0ஆம் வரிசையை ஏற்கும் கோர் பாக்கெட்டை எடுத்து, பிபிபிஓஇ தலைப்பைத் தாண்டி உள்ளே உள்ள முகவரிகளைப் படித்து, தானே ஹேஷ் போட்டு, மீதி வேலையை வேறொரு கோரின் கையில் ஒப்படைத்துவிடும். ஈத்0க்குரிய சிஸ் கோப்பகத்தில் ஆர்எக்ஸ்-0 என்பதன் கீழுள்ள ஆர்பிஎஸ் சிபியுஸ் கோப்பில் ‘எஃப்இ’ என்ற பதினறும எண்ணை எழுதுங்கள். எட்டு பிட்டுகளில் 0ஆம் கோருக்குரிய வலக்கோடி பிட் மட்டும் 0. அதாவது 0ஆம் கோர் வாங்கி மட்டும் கொடுக்கும், 1 முதல் 7 வரையிலான கோர்கள் மற்ற வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும். வாங்கிக் கொடுக்கும் அந்த ஒரு கோரின் வேகமே உச்ச வரம்பாக இருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். வாடிக்கையாளர்கள் பெருகி அந்த வரம்பைத் தொடும் நாளில், பிபிபிஓஇயின் உள்ளே பார்க்கத் தெரிந்த கார்டைத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

கேள்வி: ஊடுருவலைக் கண்காணிக்க சுரிகாட்டாவை எட்டு வரிசைகளில் ஓட்டுகிறோம். ஒரே இணைப்பின் போகும் பாக்கெட்டுகள் ஒரு வரிசையிலும், திரும்பி வரும் பாக்கெட்டுகள் வேறு வரிசையிலும் விழுகின்றன. ஒவ்வோர் இணைப்புக்கும் விதி எழுதுவது நடக்கிற காரியமா?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: நடக்காது, தேவையும் இல்லை. ஹேஷ் கணக்குக்கான 40 பைட் சாவியை மாற்றினால் போதும்.

டோப்ளிட்ஸ் கணக்கை அருகில் சென்று பார்த்தால் காரணம் விளங்கும். உள்ளீட்டின் 96 பிட்டுகளை இடமிருந்து ஒவ்வொன்றாகப் படிக்கிறோம். பிட் 1 ஆக இருக்கும் ஒவ்வோர் இடத்திலும், சாவியில் அதே இடத்திலிருந்து தொடங்கும் 32 பிட்டுகளை எடுத்து, இதுவரை கிடைத்த விடையோடு எக்ஸ்ஆர் (இரு பிட்டுகள் வேறுபட்டால் 1, ஒத்தால் 0 தரும் கணக்கு) செய்கிறோம். பாக்கெட் எதிர்த்திசையில் வரும்போது அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் இடம் மாறுகின்றன. ஒவ்வொன்றும் 32 பிட்டுகள் தள்ளிப்போகிறது. போர்ட் எண்கள் 16 பிட்டுகள் தள்ளிப்போகின்றன. சாவி முழுவதும் 16 பிட்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருவதாக இருந்தால், 16 தள்ளினாலும் 32 தள்ளினாலும் சாவியின் அதே துண்டுதான் கையில் கிடைக்கும். எக்ஸ்ஆர் முன்பின் பார்க்காத கணக்கு. எனவே இரு திசைகளுக்கும் ஒரே விடை வரும்.

தென் கொரியாவின் கைஸ்ட் நிறுவன ஆய்வாளர்கள் 2012இல் இதை விளக்கி, 6டி, 5ஏ என்ற இரண்டு பைட்டுகளை 20 முறை அடுக்கிய சாவியைக் கொடுத்தார்கள். ஈத்டூலின் பெரிய ‘எக்ஸ்’ தெரிவில் ஹெச்கீ என்று சொல்லி அந்தச் சாவியை ஏற்றி, அதே கட்டளையில் ‘ஈக்வல் 8’ என்றும் கொடுங்கள். எவ்வளவு எளிய வழியில் எவ்வளவு பெரிய தலைவலி தீர்ந்திருக்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. யூடிபிக்குக் கார்டு போர்ட் எண்களைச் சேர்க்காமல் முகவரிகளை மட்டும் ஹேஷ் செய்துகொண்டிருந்தால், துண்டான பாக்கெட்டுகளை மனத்தில் வைத்து அதை அப்படியே விட்டுவிடுங்கள். கண்காணிப்புக்கு அதுவே நல்லது.

கேள்வி: மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஈத்டூலில் பார்த்தால் என்டியூப்பிள் ஃபில்டர்ஸ் ‘ஆஃப்’ என்றும், அருகே அடைப்புக்குறிக்குள் ‘ஃபிக்ஸ்டு’ என்றும் வருகிறது. எப்படி ‘ஆன்’ செய்வது?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: ‘ஃபிக்ஸ்டு’ என்றால் அந்த டிரைவர் இந்த வசதியை மாற்ற விடாது என்று பொருள், உள்ளிருந்து எந்தக் கட்டளை கொடுத்தாலும் பயனில்லை. உண்மையான கார்டு வெளியே உள்ள சர்வரிடம் இருக்கிறது. அந்தச் சர்வர் உங்கள் கைவசம் இருந்தால் அங்கே விதி எழுதலாம், அல்லது கார்டை நேரடியாக இயந்திரத்துக்குள் ஒப்படைக்கலாம். வாடகைக்கு எடுத்த இயந்திரம் என்றால், திருச்சி வாசகருக்குச் சொன்ன ஆர்பிஎஸ் உங்களுக்கும் கிடைக்கும். அது கார்டைச் சார்ந்ததல்ல.